சீனி இல்லாத வீடு

முந்நூற்றுப் பதினெட்டு.

கிளினிக் கொப்பியில் தாதி எழுதிக் கொடுத்த அந்த இலக்கத்தை விஜயகலா திரும்பத் திரும்பப் பார்த்தாள். போன மாதம் இருநூற்று எழுபது. அதற்கு முந்தின மாதம் இருநூற்று நாற்பது. மகளின் பரீட்சைப் புள்ளி இப்படி மாதாமாதம் ஏறினால் கோயிலில் தேங்காய் உடைக்கலாம். புருஷனின் ரத்தத்தில் சீனி ஏறுவதற்கு என்னத்தை உடைப்பது?

டாக்டர் கொப்பியைப் பார்த்தார். பிறகு கிருஷ்ணராஜின் இடது காலைப் பார்த்தார். சுண்டுவிரலில் இரண்டு மாதமாக ஆறாத புண். நுனி கறுக்கத் தொடங்கியிருந்தது.

"சீனி கனவா நேத?" என்றார். சீனி தின்கிறாய்தானே என்று சிங்களத்தில் கேட்ட கேள்வி கிருஷ்ணராஜுக்கு. வெட்கம் பிடுங்கித் தின்றது என்னவோ விஜயகலாவைத்தான்.

மூன்று வாரம் தவணை கொடுத்தார் டாக்டர். அதற்குள் சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும், எடுத்தாலும் அது விரலோடு நிற்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். கிருஷ்ணராஜ் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். விடிந்தால் முந்நூறு மரம், அத்தனையும் சரிவில். கால் போனால் அவனிடம் மிச்சமிருக்கப்போவது அந்த வெட்டுக்கத்தி மட்டும்தான்.

தெரணியகலையிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். கள்ளன் எப்போதும் ஜன்னலைத்தான் பார்ப்பான் என்று அவள் மனசு சொன்னது. மனசு அப்படித்தான், ஒரு ஆளைக் கள்ளனாக்கி விட்டால் அவன் மூச்சு விடுவதுகூடக் களவாகத் தெரியும்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. பதினான்கு மாதமாக அந்த வீட்டுக்குள் ஒரு மணி சீனி நுழைந்ததில்லை. கிருஷ்ணராஜுக்குச் சீனி வியாதி என்று தெரிந்த அன்றைக்கே சீனிப் போத்தலைக் கழுவிக் கவிழ்த்து, அதில் மஞ்சள்தூளைப் போட்டுவிட்டாள். மூன்று பேருக்கும் வெறும் பிளேன்டீ. தீபாவளிக்குப் பலகாரம் இல்லை. கோயில் பொங்கலை யாராவது கொண்டுவந்தால் வாசலிலேயே வாங்கி, சுவைத்துக்கூடப் பார்க்காமல் அடுத்த காம்பரா வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். விருந்தாளிகள் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டே தேத்தண்ணீர் குடிப்பது தோட்டத்து வழக்கம். விஜயகலா வீட்டுக்கு வருகிறவர்கள் சீனியை வீட்டிலிருந்தே தாளில் மடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அதையும் வாசலில் வைத்து வாங்கிக்கொண்டு, போகும்போது திருப்பிக் கொடுத்தாள் என்று கீழ்க்கணக்கு லயத்து வீடுகளில் ஒரு கதை உண்டு. அது முழுப் பொய்யுமில்லை.

இப்படிக் காவல் காத்த வீட்டில் சீனி ஏறுகிறது என்றால் ஆள் வெளியில் தின்கிறான். இதற்குக் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை.

மறுநாள் தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கூடையை இறக்காமலே நேராகச் சாலி நானாவின் கடைக்குப் போனாள். தோட்டத்துச் சந்தியில் நாற்பது வருசமாக இருக்கிற கடை அது.

"நானா, எங்க வீட்டுக்காரரு இங்க வந்து என்னா திங்கிறாரு?"

சாலி பீடிக்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அடுக்குவதை நிறுத்தினார்.

"வெத்தில வாங்குவாரு புள்ள. வேற ஒண்டும் இல்ல."

"இஞ்சி டொபி? பணிஸ்? டின்பால்?"

"நான் செல்றத கேளுங்க. ஒரு நாள் எல்லாருக்கும் சோடா எடுத்துக் குடுத்தாங்க, ஒங்கட பக்கத்து வூட்டு சுமன்ட மகனுக்கு வேல கெடச்ச சந்தோசத்துல. எல்லாரும் குடிச்சாங்க. ஒங்கட ஆள் மட்டும் பைப்புத் தண்ணி குடிச்சாரு. என்ட கண்ணால கண்டது."

"நீங்களும் அவரு பக்கமா நானா?"

சாலிக்குக் கோபம் வரவில்லை. "பக்கம் என்னத்துக்கு புள்ள, மனிசன் மெலிஞ்சி போயீக்கி. நல்லா சாப்பாடு குடுங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மெலிந்துதான் போயிருந்தான். களிசான் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருந்தான். புருஷனைப் பட்டினி போடுகிறாள் என்று சந்தியில் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. அன்றிலிருந்து இரவுக்கு நான்கு ரொட்டி ஆறாகியது. பத்து மணிக்குத் தோட்டத்துக்குக் கொடுத்துவிடும் ரொட்டி மூன்று. சாயந்தரம் அவித்த மரவள்ளிக்கிழங்கு. சோறு எப்போதும்போல மலையாக. கள்ளத்தனமாகச் சீனி தின்கிறவன் மேலும் அவளுக்கு இரக்கம் இருந்தது, அதை இங்கே சொல்லத்தான் வேண்டும். கோபத்தோடுதான் ரொட்டியைத் தட்டில் போட்டாள், ஆனால் பெரிய ரொட்டியாகப் பார்த்துப் போட்டாள்.

"நான் ஒண்ணும் திங்கல கலா," என்று அவன் ஒரு நாள் மெதுவாகச் சொன்னான்.

"அப்ப சீனி வானத்துலருந்தா வருது?"

அவளுக்குப் பொறுமை இல்லை. வெள்ளிக்கிழமை பூசைக்கு லயத்து மாரியம்மன் கோயிலில் கூட்டம் இருந்தபோது, பூசாரியிடம் சொல்லிக் கற்பூரம் ஏற்ற வைத்தாள். தோட்டத்தில் களவு, கள்ளத்தொடர்பு, கோழி காணாமல் போனது என்று எந்தப் பிராது வந்தாலும் கடைசி நீதிமன்றம் இதுதான். சந்தேகப்பட்ட ஆள் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னால் அம்மன் பார்த்துக்கொள்வாள். அதனால் அங்கே பொய் சொல்ல யாருக்கும் துணிச்சல் வருவதில்லை.

கோழி திருடியவனை நிற்க வைக்கும் இடத்தில் புருஷனை நிற்க வைத்தாள். ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். கிருஷ்ணராஜ் ஒரு காலில் சாய்ந்து நின்று, அம்மனைப் பார்த்து, "ஆஸ்பத்திரியில சொன்ன நாள்லருந்து நான் சீனி தொட்டதில்ல. இனிப்பு எதுவும் திங்கல" என்று சொல்லிக் கற்பூரத்தை உள்ளங்கையால் அமர்த்தினான். விஜயகலாவுக்கு அழுகை வந்தது. சரி, இனி விசயம் முடிந்தது, அடுத்த முறை இறங்கிவிடும் என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

ஐந்தாம் நாள், டவுனில் பாமசி வைத்திருக்கிற பவாஸ் விரலில் குத்தி மெஷினில் பார்த்தார். முந்நூற்று நாற்பத்தொன்று.

மெஷின் பழுதோ என்று நினைத்து அவர் தன் விரலில் குத்திப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு. அதை அவர் காட்டியிருக்க வேண்டாம்.

அம்மனுக்கு முன்னால் பொய் சொல்லிவிட்டானே. தன்னிடம் பொய் சொன்னதை அவள் தாங்கியிருப்பாள், கட்டின நாள் முதலே எல்லாப் புருஷன்மாரும் செய்கிற வேலைதான். எரிகிற கற்பூரத்தைத் தொட்டுப் பொய் சொல்கிறவன் வேறு என்னதான் செய்யமாட்டான்? பதினெட்டு வருசமாக யாரோடு படுத்தெழும்பியிருக்கிறோம் என்று முதல் தடவையாகப் பயம் வந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது கிருஷ்ணராஜ் அந்த மெஷினையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவையாவது மறுத்துப் பேசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. அவன் படுக்கையை முன் காம்பராவிலிருந்த பழைய கயிற்றுக் கட்டிலுக்கு மாற்றிக்கொண்டான். அவள் ஏனென்று கேட்கவில்லை. சாப்பாட்டை மட்டும் நேரத்துக்கு வைத்தாள். புண்ணுக்கு மருந்தும் தினமும் அவள்தான் கட்டினாள். வாயால் பேசாத வீட்டில் கையாவது வேலை செய்துதானே ஆக வேண்டும்.

தவணை முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அன்று சாயந்தரம் மழை. லயத்துக் குழாயில் தண்ணீர் கலங்கி வந்ததால் விஜயகலா அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டு, பக்கத்தில் ரொட்டிக்கு மாவைத் தாச்சிச் சட்டியில் கொட்டி வைத்திருந்தாள். தேங்காய் விற்கிற விலைக்கு அவள் வீட்டு ரொட்டியில் தேங்காய்ப்பூ விழுந்து நெடுநாளாயிற்று. மாவு, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். கிருஷ்ணராஜ் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தான். மகள் சுதர்ஷினி உள்ளே பாயில் குந்தி, வழக்கம்போலச் சத்தமாகப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு டிசம்பரில் ஓ.எல். பரீட்சை. விஞ்ஞானத்தில் வகுப்பிலேயே அவள்தான் முதல்.

புண்ணைத் துடைக்கிற மருந்து சிறிய போத்தலில் இருந்தது. கிளினிக்கில் கொடுக்கிற அந்தக் கபில நிறத் தண்ணீர்தான். விஜயகலா மூடியைத் திறந்து பஞ்சில் ஊற்றப் போனபோது போத்தல் வழுக்கி மாத்தாச்சிக்குள் விழுந்தது. பதறி எடுத்தாள். பாதி மருந்து மாவில் கொட்டிவிட்டது.

கொட்டிய இடம் கபிலமாக இருக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாக மாறியது. பிறகு கறுப்பு. மையை ஊற்றியது மாதிரி வெள்ளை மாவுக்குள் அந்தக் கறுப்பு ஊறிப் பரவியது. மருந்தும் மாவும் பட்ட அவளுடைய விரல்களும் கறுத்துப்போயிருந்தன.

இது மருந்தில்லை, நஞ்சு. இதையா இரண்டு மாதமாக இவர் காலில் பூசினேன்? விரல் கறுத்தது இதனாலா?

"சுதா, இங்க ஓடி வா," என்று கத்தினாள்.

சுதர்ஷினி வந்து எட்டிப் பார்த்தாள். மகளின் முகத்தில் பயம் எதுவும் இல்லை, தெரிந்த ஆளைச் சந்தியில் கண்டது மாதிரி ஒரு சிரிப்புத்தான் வந்தது.

"அது ஒண்ணுமில்லம்மா. அந்த மருந்துல அயடீன் இருக்கு. மாப்பொருள் இருக்கிற எதுல பட்டாலும் கருநீலமா மாறும். ஸ்கூல்ல செஞ்சி காட்டினாங்க. சோறு, கிழங்கு, பாண், எல்லாத்துலயும் வரும்."

"மாப்பொருள்னா?"

இப்படி ஒரு கேள்வியை அம்மா கேட்பாள் என்று சுதர்ஷினி எதிர்பார்த்திருக்க மாட்டாள். உடனே கைகள் இரண்டும் பின்னால் போயின, குரல் பரீட்சைக் குரலானது.

"மாப்பொருள் ஒரு பல்சக்கரைட்டு. எளிய சீனியாகிய குளுக்கோசு மூலக்கூறுகள் பெருமளவில் ஒன்றோடொன்று இணைவதால் உருவாகும். இணையும் ஒவ்வொரு தடவையும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். சமிபாட்டின்போது இது மீண்டும் குளுக்கோசாக உடைக்கப்பட்டு குருதியில்…"

அங்கே நின்றுவிட்டாள்.

வாய் திறந்தபடி இருந்தது. கண் மாத்தாச்சிக்குப் போனது, அங்கிருந்து அப்பாவின் காலுக்குப் போனது. ஒன்றரை மாதமாகத் தினமும் மூன்று தடவை அந்த லயத்துச் சுவருக்கு ஒப்பித்த வசனம் அது. அந்த வசனத்துக்கு அவள் எட்டுப் புள்ளிக்கு எட்டுப் புள்ளி வாங்கியிருக்கிறாள். அதில் வருகிற மாப்பொருள் அம்மா சுடுகிற ரொட்டி என்றோ, அதில் வருகிற குருதி அப்பாவின் ரத்தம் என்றோ அவளுக்கு இந்த நிமிடம் வரை தோன்றவில்லை. புத்தகத்தில் இருந்தது புத்தகத்தில் இருந்தது.

"என்னாடி, சொல்லு."

"அம்மா," என்றாள் சுதர்ஷினி. பரீட்சைக் குரல் போய்விட்டது. "ரொட்டி சீனிம்மா."

"பைத்தியமா ஒனக்கு? நான் சீனி போடவே இல்லயே."

"போடத் தேவையில்லம்மா. மாவே சீனிதான்."

சொன்னால் விளங்காது என்று அவளுக்கே தெரிந்தது. அம்மாவின் வளையலில் கோத்திருந்த ஊக்குகளைக் கழற்றினாள். ஒன்றை மற்றதில் மாட்டினாள்.

"இந்தா, இந்த ஒரு ஊக்கு குளுக்கோஸ். அப்பாவோட ரத்தத்துல மெஷின் பாக்குதே, அது. இது ஒரு எளிய சீனி. இந்த மாதிரி ரெண்டு எளிய சீனி மாட்டுனா கடையில விக்கிற சீனி வரும். அது இனிக்கும். இன்னும் இன்னும் மாட்டிக்கிட்டே போ. நூறு, ஆயிரம் குளுக்கோஸ். ஒவ்வொண்ணு மாட்டும்போதும் ஒரு துளித் தண்ணி கழண்டு வெளிய போகும். கடைசியில வாறது மாப்பொருள். அவ்வளவு நீளமா இருக்கிறத நாக்கு சீனின்னு கண்டுபிடிக்காது. அதான் இனிக்கல."

"வயித்துக்குள்ள போனா?"

"வயித்துக்குள்ள அந்தத் தண்ணியத் திருப்பிக் குடுத்து ஒவ்வொரு ஊக்கா கழட்டிரும். அப்ப எல்லாம் திரும்பக் குளுக்கோஸ்தான். அப்படியே ரத்தத்துக்குப் போகும்."

விஜயகலா நம்பவில்லை. நம்ப மறுத்தாள் என்பதுதான் சரி. பதினெட்டு வருசமாகத் தட்டிப் போட்ட ரொட்டியைப் பற்றி நேற்றுப் பிறந்தவள் பேசுகிறாள். இனிக்காத சீனி எந்த ஊரில் இருக்கிறது?

சுதர்ஷினி காலையில் மிஞ்சிய காய்ந்த ரொட்டியை எடுத்து மூன்றாகப் பிய்த்தாள். "முழுங்காம மென்னுக்கிட்டே இருங்க. எச்சில்லயே கொஞ்சம் கழண்டுரும். அதையும் படிச்சேன்."

மூன்று பேரும் மென்றார்கள். வெளியே கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. பார்க்கிறவர்கள் சிரித்திருப்பார்கள், பேச்சுவார்த்தை இல்லாத ஒரு குடும்பம் வட்டமாக உட்கார்ந்து மாடு அசைபோடுகிற மாதிரி மென்றுகொண்டிருக்கிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். வாய் முழுக்கக் கூழாகிவிட்டது. ஒன்றும் இல்லை என்று விஜயகலா சொல்ல வாயெடுத்தபோது நாக்கின் அடியில் மெல்ல ஏதோ ஒன்று வந்தது. பதினான்கு மாதமாக அவளும்தான் சீனி தொடவில்லை. அதனால் அந்த ருசியை அவளுடைய நாக்கு உடனே அடையாளம் கண்டது.

"இனிக்குது," என்றான் கிருஷ்ணராஜ்.

சொன்னவன் திடுக்கிட்டு எழுந்தான். புண் காலோடு வாசலுக்கு ஓடி வாயிலிருந்ததை மழையில் துப்பினான். துப்பித் துப்பி, விரலை விட்டு வழித்துத் துப்பினான். கையும் களவுமாகப் பிடிபட்டவனைப்போல அவர்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தான்.

விஜயகலாவுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். காலையில் மூன்று. இரவுக்கு நான்கு. சாலி நானா சொன்ன பிறகு ஆறு. கற்பூரம் அணைத்த வெள்ளிக்கிழமை இரவு, மனம் குளிர்ந்து இன்னும் ஒன்று. அதுவும் பெரிய ரொட்டியாகப் பார்த்து. அவன் மெலிய மெலிய அவள் போட்டாள், அவள் போடப் போட இலக்கம் ஏறியது. ஊரெல்லாம் கள்ளனைத் தேடினாள். கடைக்காரரைக் கேட்டாள், அம்மனைக் கேட்டாள். ஒவ்வொரு நாளும் தாச்சியில் பிசைந்து, கல்லில் சுட்டு, தன் கையால் தட்டில் வைத்தது அவள்தான்.

எழுந்து கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கிளினிக் தாளைக் கிழித்தெடுத்தாள். முதல் வரி: சீனி, இனிப்பு வகைகளைத் தவிர்க்கவும். நான்காவது வரி: சோறு, பாண், மா, கிழங்கு உணவுகளைக் குறைக்கவும். தமிழில்தான் இருந்தது. அவள் அதை வாசித்திருக்கிறாள். உட்கார்ந்து தின்று கொழுத்துப்போன கொழும்புக்காரர்களுக்கு எழுதியது என்று நினைத்து விட்டுவிட்டாள். மலை ஏறுகிறவனுக்கு ரொட்டியைக் குறைக்கச் சொல்ல எந்த மடையனுக்கு மனசு வரும் என்றுகூட நினைத்தாள்.

தாளைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சுதர்ஷினியும் அழுதாள். யார் யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் அழுதார்கள். கிருஷ்ணராஜ் வாசலில் நனைந்தபடி நின்றான்.

"அப்போ," என்று கேட்டான், "நான் திங்கலயா?"

"இல்லங்க. நீங்க திங்கல. நான்தான் குடுத்தேன்."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். அவன் கேட்ட கேள்வி எவ்வளவு விசித்திரமானது என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

அடுத்த நாளே கிளினிக் தாதியிடம் போய் ஒவ்வொரு வரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எதை எவ்வளவு என்று தாதி கையால் அளவு காட்டினார். மாத்திரையை விடக் கூடாது, பட்டினியும் கூடாது என்றார். தட்டில் சோறு ஒரு கைப்பிடியானது. கங்குங் கீரை, வல்லாரை, பருப்பு, அவித்த முட்டை, நெத்தலிக் கருவாடு என்று மீதித் தட்டு நிறைந்தது. ரொட்டி வேண்டுமென்றால் ஒன்று, உள்ளங்கை அளவு. முதல் மூன்று நாளும் அவன் பசியில் சுருண்டான். அதைப் பார்த்துக்கொண்டு ரொட்டியை மூடி வைப்பதுபோல் கஷ்டமான வேலையை அவள் செய்ததே இல்லை. ஆனால் செய்தாள். சாலி நானாவிடம் போய்த் தப்பு என்மேல்தான் என்று சொன்னாள். லயத்தில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னாள். பாதிப் பேர் நம்பவில்லை. ரொட்டியில் எங்கே சீனி என்று சிரித்தார்கள். அவர்களுக்கெல்லாம் மென்று பார்க்கச் சொன்னாள்.

தவணை நாளில் டாக்டர் கொப்பியைப் பார்த்தார். நூற்றெண்பத்தாறு. காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்பு மேலே ஏறவில்லை, ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்திருந்தது. இப்போதைக்கு வெட்ட வேண்டாம், இப்படியே போங்கள் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவனை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தாள். டவுனைத் தாண்டியதும் சாரல் அடித்தது. கிருஷ்ணராஜ் ஜன்னல் கண்ணாடியை இழுக்கக் கையை உயர்த்தினான். முழுக்கைச் சட்டையின் கை முழங்கைக்கு வழுக்கியது.

மணிக்கட்டைச் சுற்றி ஒரு தழும்பு. வளையல் போட்ட மாதிரி, இரண்டு ஓரமும் கறுத்து, நடுவில் தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

இன்னொரு புண். கால் பிழைத்தது என்று வருகிற வழியிலேயே கை. "இது எப்பலருந்து? டாக்டர்கிட்ட ஏன் காட்டல?" என்று கையைப் பிடித்தாள்.

"அது சீனிப் புண்ணில்ல. விடு."

"பின்ன என்னாது?"

அவன் முன்சீட்டைப் பார்த்தான். கொண்டக்டர் தாண்டிப் போகும்வரை காத்திருந்தான்.

"பவாஸ் கடையில மெஷின் பாத்தோமே, அன்னைக்கி ரொம்ப யோசிச்சேன்," என்றான். "அம்மன் பொய் சொல்ல மாட்டா. மெஷினும் பொய் சொல்லாது, அவருக்குச் சரியாத்தானே காட்டுச்சி. நீயும் இல்லாதத சொல்ற ஆளில்ல. மிச்சம் இருந்தது நான்தான்."

அவளுக்கு விளங்கவில்லை.

"எனக்குத் தெரியாமலே நான் திங்கிறேன்னு நெனச்சேன். தூக்கத்துல எழும்பிப் போயி யாரு வீட்லயாவது. சுமன்கிட்டக்கூட சொல்லி வச்சேன், ராவுல சீனிப் போத்தல உள்ளுக்கு வச்சிப் பூட்டுன்னு. அவன் சிரிச்சான். அதான் முன் காம்பராவுக்குப் போனேன். சாரத்தக் கிழிச்சி கையக் கட்டில்ல கட்டிக்கிட்டுப் படுத்தேன். எழும்புனா இழுக்கும்ல."

விஜயகலாவின் கைக்குள் அவனுடைய மணிக்கட்டு இருந்தது. அந்தப் புண் எத்தனை நாள் இழுப்பு என்று அவளால் கணக்குப் பார்க்க முடியவில்லை. தான் பொய் சொல்லவில்லை என்று இவனுக்கு உள்ளுக்குள் தெரியும், அதனால்தான் இத்தனை நாளும் பேசாமல் இருக்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி ஒரு தைரியத்தைக்கூட அவள் அவனிடம் விட்டு வைக்கவில்லை.

தழும்பின் மேல் ஓரத்தில் பசையாக நீர் கசிந்துகொண்டிருந்தது. ஒன்பது நாளுக்கு முந்திய காயமென்றால் இதற்குள் காய்ந்திருக்க வேண்டும்.

"ரொட்டின்னு தெரிஞ்ச பொறகு எதுக்குங்க?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நேத்தும் கட்டுனீங்களா?"

அவன் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டான்.

"ரொட்டியாவும் இருக்கலாம்," என்றான். "நானாவும் இருக்கலாம்ல, கலா."

"நீங்க இல்ல," என்றாள். பிறகு பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "நீங்க திங்கல, நான்தான் குடுத்தேன், நீங்க ஒரு நாளும் திங்கல," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"சரி, சரி," என்றான் கிருஷ்ணராஜ். "மெதுவா பேசு. ஆளுக பாக்குறாங்க."